பின்பக்கம் அமுங்கும் பிக்கப்புக்குக் கூடுதல் பட்டை போடலாமா?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏழு வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். தேங்காய், இளநீர் லோடுதான். போன வருடம் இரும்பில் உயரமாகப் பாடி கட்டினேன். அதிலிருந்து லோடு ஏற்றினால் பின்பக்கம் படுத்துவிடுகிறது, பள்ளத்தில் இறங்கினால் 'டம்' என்று இடிக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?"

பட்டை என்பது அச்சுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் சுமையைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் தகடு. அதில் கை வைப்பதற்கு முன்னால் எடை மேடைக்குப் போய் வாருங்கள். வழக்கமான லோடு, டீசல், கூட வரும் ஆள் எல்லாவற்றோடும் ஒருமுறை எடை போடுங்கள். அப்புறம் பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி இன்னொருமுறை. முதல் எண்ணை ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையோடும், இரண்டாவதைப் பின் அச்சுக்குக் கம்பெனி சொன்ன எடையோடும் ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 2,900 கிலோ, வண்டியின் எடை 1,700 கிலோ என்றால் ஆளையும் சேர்த்து 1,200 கிலோ ஏற்றலாம். அதில் புது பாடியே 250 கிலோவைத் தின்றிருந்தால் மிச்சம் 950தான். பழைய கணக்கிலேயே தேங்காயை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களோ என்பதுதான் என் சந்தேகம்.

எடை கூடுதல் என்று தெரிந்தால் பட்டை போடாதீர்கள். பட்டை சேர்த்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவையாகவே இருக்கும். டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ தாங்கும். அமுங்காத வண்டி என்ற தைரியத்தில் இன்னும் நாலு மூட்டை ஏறுவதுதான் நான் அதிகம் பார்ப்பது. பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

எடை கணக்குக்குள் இருந்தும் அமுங்குகிறது என்றால், பட்டை சோர்ந்துவிட்டது. ஏழு வருட லோடு வண்டிக்கு இது சகஜம். சமதளத்தில் காலியாக நிறுத்தி, அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்து, அதே மாடல் புது வண்டியோடு ஒப்பிடுங்கள். அச்சுக்கு மேலே சேசிஸில் இருக்கும் ரப்பர் கட்டையையும் பாருங்கள். பளபளவென்று தேய்ந்தோ பிய்ந்தோ இருந்தால், அந்த 'டம்' அங்கிருந்துதான் வருகிறது.

சோர்ந்த பட்டையை உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். செலவு குறைவு. ஆனால் முறையாகப் பதம் ஏற்றாத பட்டை சீக்கிரமே பழையபடி படுத்துவிடும். புது செட் போடுவதே நல்லது. அதன் பிறகும் போதவில்லை என்றால் பக்கத்துக்கு ஒரு ஹெல்பர் பட்டை போதும். லோடு ஏறிய பிறகுதான் அது வேலைக்கு வரும். காலி வண்டி தூக்கிப் போடாது.

லாரிப் பட்டையை வெட்டிப் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எங்கேயோ போய்விடும்: 8 மி.மீ. இருந்த இடத்தில் 10 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வளைவும் மேல் பட்டையோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் முழுச் சுமையும் ஏதோ ஒரு பட்டையின் தலையில் விழுந்து, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையில் விரிசல் விடும்.

பட்டறைகளில் பலரும் கவனிக்காத விஷயம் பிரேக். பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, லோடு இருக்கிறதா இல்லையா என்று அந்த வால்வு கணக்குப் போடும். தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் பட்டை சேர்த்து உயர்த்திவிட்டால், ஒரு டன் தேங்காயோடு போகும்போதும் வண்டி காலி என்றே அது நினைக்கும். பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும், முன் பிரேக்கே எல்லாச் சுமையையும் வாங்கிச் சூடேறும். வால்பாறை மாதிரி இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. கீழே குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால், பட்டை வேலை முடிந்த அன்றே கம்பெனி சர்வீஸில் கொடுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் லோடு ஏற்ற வேண்டும்.

லோடு வைக்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் 100 கிலோ வைத்தால், பின் அச்சில் 120 கிலோ ஏறும், முன் அச்சில் 20 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். கனமானதை கேபின் பக்கம் தள்ளி அடுக்கினாலே பாதித் தொல்லை தீரலாம்.

பட்டை பிரித்தால், பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போடுங்கள், பழையவை இழுபட்டு நீண்டிருக்கும். சில நூறு கிலோமீட்டர் லோடோடு ஓடிய பிறகு மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் நிமிர்ந்ததும் ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கியிருக்கும், அதையும் லோடோடு நிறுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.