உயிரோடு வந்தவனை யாரும் கேட்கவில்லை

அன்பின் அக்காவுக்கு,

நான் பொலிஸ் சார்ஜன்ட். பிறந்தது மலையகம், பல வருடமாகக் கொழும்பில் வேலை. பாதாள உலகக் கோஷ்டிகளைப் பிடிக்கப் போன இடத்தில் இரண்டு தடவை வெடிக்கு நடுவில் அகப்பட்டுத் தப்பியவன். இரண்டாவது தடவை ஒரு வீட்டைச் சுற்றிவளைத்தோம். உள்ளேயிருந்து ரி-56 துவக்கால் அடித்தார்கள். என் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தம்பி அங்கேயே முடிந்துவிட்டான். என் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அன்று ஜீப்பை விட்டு இறங்காதவருக்குக் கிடைத்தது. விசாரணையில் எத்தனை வெடி வைத்தாய் என்று கேட்டார்கள். என் துவக்குச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை, எண்ணிக்கை தெரியாது என்றேன். நம்பவில்லை. பொய்யன் என்பதுபோல் பார்த்தார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். அன்று விடியப்புறம் போய் நின்றால், "போன் எடுக்கத் தெரியாதா?" என்று மனைவி வாசலிலேயே ஏசினாள். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது மகளோடு வேறு அறையில் படுக்கிறாள். நான் தூக்கத்தில் கத்துகிறேனாம். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தபோது நான் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டேன், மச்சான் சிரித்தான். பதவி உயர்வு வந்திருந்தால் சிரித்திருப்பானா? தகுதியில்லாதவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தத் தம்பிக்குச் செத்த பிறகு பதவி உயர்வு, மரியாதை வேட்டு எல்லாம் கிடைத்தது. சம்பளமும் வீட்டுக்குப் போகிறது. அந்த வெடி கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் என் மகளின் படிப்புக்கும் ஒரு வழி பிறந்திருக்கும். இரவுக் கடமையில் துவக்கோடு தனியே இருக்கும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். சரி, அதை விடுங்கள். மேலே எப்படி மனு எழுதுவது, மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது, இதைச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கொழும்பு 13

*

அன்பின் தம்பி,

அதை விட மாட்டேன். உங்கள் கடிதத்தில் நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான்.

நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா? கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயந்து பலர் இதைக் கேட்பதில்லை. அப்படி வராது. ஆனால் இரவில் தனியாக, கையில் துவக்கோடு இருக்கும் ஒருவர் "நான் செத்திருந்தால் வீட்டுக்கு நல்லது" என்று கணக்குப் போடுவது ஆபத்து. உங்கள் நிலையப் பொறுப்பதிகாரியிடம் (ஓஐசி) போய், தூக்கமில்லை, கொஞ்ச காலத்துக்கு எனக்கு ஆயுதக் கடமை வேண்டாம் என்று சொல்லுங்கள். கௌரவக் குறைச்சலாகத் தெரியும், தெரியட்டும். அந்த எண்ணம் இறுகும் இரவில் 1926ஐ அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவிச் சேவை. தமிழிலேயே கதைக்கலாம்.

உங்கள் கணக்கு பிழை, தம்பி. சம்பளம், பதவி, வேட்டு எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதிவிட்டு, மறுபக்கத்தில் மகளை எழுத மறந்துவிட்டீர்கள். அந்தத் தம்பியின் வீட்டார் மரியாதையைக் கேட்டு வாங்கவில்லை. அவன் திரும்பி வராததால் அது அவர்களுக்கு வந்தது. நீங்கள் பொறாமைப்படுவது அவனுடைய பதவியைப் பார்த்தா? எனக்கு அப்படித் தெரியவில்லை. அவனுக்காக ஊரே அழுதது. நீங்கள் உயிரோடு வந்ததற்காக மகிழ்ந்து ஒருவரும் உங்கள் கையைப் பிடிக்கவில்லை. பதவி உயர்வு பதவி உயர்வு என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவதில் எனக்குக் கேட்பது அந்த ஏக்கம்தான்.

இனி, மனைவியின் பக்கம் நிற்கிறேன், கோபிக்க வேண்டாம். வெடி நடந்த செய்தி கேட்டு, நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் ஓர் இரவு முழுக்க போனை அழுத்திக்கொண்டிருந்தவர் வாசலில் ஏசாமல் வேறென்ன செய்வார்? பயம் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஏச்சாகத்தான் வெளியே வரும். அக்கறையில்லாதவர் தூங்கியிருப்பார். புரியவில்லை என்கிறீர்கள், ஆனால் நீங்கள் சுற்றிவளைத்த அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. என்னிடம் சொன்ன அந்தக் கணக்கை அவரிடமும் சொல்லுங்கள். இன்றைக்கே.

நீங்கள் பொய்யரும் இல்லை. அலெக்ஸிஸ் ஆர்ட்வோல் என்ற அமெரிக்க உளவியலாளர், துப்பாக்கிச் சண்டையில் இருந்த 157 பொலிஸாரைக் கேட்டு 2002இல் எழுதினார். 84 சதவீதம் பேருக்குச் சத்தம் குறைந்து கேட்டிருக்கிறது அல்லது கேட்கவேயில்லை. பாதிப் பேருக்கு நடந்ததில் ஒரு பகுதி ஞாபகமில்லை. உயிர் போகும் நேரத்தில் மூளை கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறது, எண்ணிக்கையை விட்டுவிடுகிறது. உங்களைச் சந்தேகித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டாசுக்கு நிலத்தில் விழுந்ததும் கோழைத்தனம் இல்லை. அன்று உங்களைக் காப்பாற்றிய அதே உடம்பு இன்னும் கடமை முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கத்தல், திடுக்கிடல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய், சிகிச்சை இருக்கிறது. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், மெதுவாக, இதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரோடு திரும்பச் சொல்லிப் பார்ப்பதுதான் அதில் முக்கிய பகுதி. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. நாரஹேன்பிட்ட பொலிஸ் வைத்தியசாலைக்குப் போனால் தெரிந்த முகம் பார்க்கும் என்று கூச்சமாக இருந்தால் தேசிய வைத்தியசாலைக்கே போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பதவி உயர்வில் அநியாயம் நடந்திருந்தால் மனு எழுதுவது உங்கள் உரிமை. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால் வைத்தியரைப் பார்த்து, தூக்கம் கொஞ்சம் திரும்பிய பிறகு எழுதுங்கள். அதற்கு முன் எனக்கு ஒரு வரி போடுங்கள், துவக்கை ஒப்படைத்துவிட்டேன் என்று.