பெரிய பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம்: புத்தகத்தைக் கடைசியில் வாங்குங்கள்

ஜூன் மாதம் நெருங்கினாலே வீட்டுவழிக் கல்வி பற்றிய கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை பதினொன்று, பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பற்றியவை. சின்னக் குழந்தை என்றால் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடலாம். இந்த வயதில் அது செல்லாது. பிள்ளையும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் எந்தப் பாடத்திட்டமும் தீபாவளி வரைக்குமாவது தாங்கும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே இருக்கிற பதில்களை அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏழாவது முடித்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். ஒரு வருடத்துக்கான மொத்தப் பாடத்திட்டமும் பெட்டியாக வருகிறது, விலை என் ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிடலாமா மேடம்? (அம்பத்தூர்)

இப்போதைக்கு வேண்டாம் சார். பெட்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் மகள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரியாமல் வாங்கினால் பாதிப் புத்தகம் அட்டை கலையாமல் அலமாரியில் இருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்களும் மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

முதலில் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். முக்காலை அரையால் வகுக்கச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கி, ஒன்றரை என்று டக்கென்று எழுதிவிடுவாள். அப்புறம் கேளுங்கள்: முக்கால் லிட்டர் மோர் இருக்கிறது, அரை லிட்டர் பிடிக்கிற சொம்பில் ஊற்றினால் எத்தனை சொம்பு வரும்? "ஒரு சொம்பு நிறையும், கால் லிட்டர் மிச்சம், அப்போ ஒன்றேகால்" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. மிச்சமிருக்கும் கால் லிட்டர் பாதிச் சொம்பு, அதனால்தான் ஒன்றரை என்பது பிடிபடவில்லை என்றால், பின்னத்தில் விதி மட்டும் மனப்பாடம் ஆகியிருக்கிறது, அர்த்தம் ஏறவில்லை. அந்த நிலையில் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைத் தொட்டால் வருடம் முழுக்க அழுகைதான். சொம்பும் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பிப் போங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. சதவீதம், விகிதம், குறை எண் இந்த மூன்றையும் இதே மாதிரி தட்டிப் பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு, ஆகஸ்ட் வாக்கில் அந்தப் பெட்டியின் மாதிரிப் பக்கங்களை மகளிடமே கொடுங்கள். அவள் புரட்டிப் பார்த்து "இது வேணும்பா" என்றால் வாங்குங்கள்.

பையனுக்குப் பதின்மூன்று வயது. என்ஐஓஎஸ், ஸ்டேட் போர்டு தனித்தேர்வு, கேம்பிரிட்ஜ் மூன்றில் எது? பொறியியல் ஆசை இருக்கிறது, டிசைன் என்றும் சொல்கிறான். (வேளச்சேரி)

எல்லோருக்கும் குழப்பம் வரும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தேர்வு என்பது கல்லூரிக்குள் போவதற்கான வாசல், தினமும் வீட்டில் படிப்பது வேறு சமாச்சாரம். என்ஐஓஎஸ் என்கிற திறந்தநிலைப் பள்ளியின் தேர்வு எழுதப்போகிற பிள்ளை, கேம்பிரிட்ஜ் என்கிற இங்கிலாந்து வாரியத்தின் இயற்பியல் புத்தகத்தில் படிக்கலாம், நம் சமச்சீர் கணக்குப் புத்தகத்திலும் படிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. தேர்வுக்கு முந்தைய எட்டு, பத்து மாதம் அந்தப் பாடத்திட்டத்தை ஒட்டிப் படித்தால் போதும்.

என்ஐஓஎஸ், 1989-ல் மத்திய அரசு தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழி கட்டாயம். பதிவு ஐந்து வருடம் செல்லும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, பாஸ் ஆன பாடம் பாஸ் ஆனதுதான். அதாவது இந்த ஏப்ரலில் தமிழும் சமூக அறிவியலும், அக்டோபரில் கணக்கும் அறிவியலும் என்று பிரித்து எழுதலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பரீட்சைக் காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ் வழியிலும் எழுதலாம். வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு, அதைக் கடைசி வாரத்தில் எழுதித் தள்ளாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பும் இதிலேயே முடித்து நீட், ஜேஇஇ நுழைவுத்தேர்வுகள் எழுத முடியும். ஜேஇஇக்கு ஐந்து பாடம் தேவை என்பதால் நான்கோடு நிறுத்திவிட வேண்டாம்.

பள்ளியில் சேராமலே மாநில வாரியத் தேர்வு எழுதும் தனித்தேர்வர் வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வு, பதினாலரை முடிந்தால் பத்தாம் வகுப்பு. பத்தாவது அறிவியலுக்குச் செய்முறை உண்டு, அதற்கு முன்கூட்டியே பதிந்து பயிற்சி வகுப்புக்குப் போயாக வேண்டும். இதைத் தவறவிட்டு ஒரு வருடம் இழந்த பிள்ளைகள் உண்டு. பின்னாளில் மாநில அரசு வேலைதான் குறி என்கிற குடும்பத்துக்கு நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன்.

கேம்பிரிட்ஜில் பாடம் அழகாக இருக்கும், கேள்விகள் யோசிக்க வைக்கும், செலவு அதிகம். வெளியிலிருந்து வரும் தேர்வரை ஏற்கும் மையம் முதலில் கிடைக்க வேண்டும். ஐஜிசிஎஸ்இ, அதாவது அவர்களின் பத்தாம் வகுப்பு நிலை அறிவியலில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத்தாள் ஒன்று இருப்பதால் வீட்டிலிருந்தே சமாளித்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஏ லெவலில் அந்த வசதி இல்லை, இயற்பியலும் வேதியியலும் எடுத்தால் உண்மையான ஆய்வகம் வேண்டும்.

உங்கள் பையனுக்கு என் யோசனை: பத்தாவது என்ஐஓஎஸ், கணக்கும் அறிவியலும் கட்டாயம் சேர்த்து. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பன்னிரண்டாவதில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத்தான் கட்ஆஃப். ஆகவே பொறியியலா டிசைனா என்ற முடிவைப் பதினைந்து வயதுக்குத் தள்ளிவைத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கணக்கை மட்டும் விட்டுவிடக்கூடாது, விட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. ஒன்று மட்டும் செய்யுங்கள்: சேர நினைக்கும் இரண்டு மூன்று கல்லூரிகளின் தகுதி விதிகளை அவனையே படித்து, உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்துச் சொன்னால் அது அறிவுரை ஆகிவிடும், அவன் காதில் ஏறாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? (பெரம்பூர்)

கவனமாக உட்கார்ந்தால் மூன்று, நான்கு மணி நேரம் தாராளம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

அக்கா, என் மகன் பதினாலு வயது. நான் சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிடத்தில் சண்டை. அவன் எழுந்து போகிறான், நான் கத்துகிறேன். எனக்குப் பாடம் எடுக்கவே வரவில்லையோ? (மடிப்பாக்கம்)

உங்களுக்கு வராமல் இல்லைம்மா. பதினாலு வயதில் அம்மாவே ஆசிரியராகவும் உட்கார்ந்தால் காலையில் துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்ட கோபமும் கணக்குக்குள் வந்துவிடும், அவனுக்கும் அப்படியே. இந்த வயதில் நீங்கள் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பவராக மாறுங்கள். அவன் ஒரு பாடத்தைத் தனியாகப் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு, நீங்கள் காய் நறுக்கும்போது, படித்ததை அவன் வார்த்தையில் சொல்லட்டும். நடுவில் திருத்தாதீர்கள். முடித்த பிறகு உங்களுக்கு நிஜமாகவே புரியாத ஒன்றை மட்டும் கேளுங்கள். இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் மனதில் தங்கும் என்பதை அதன்பின் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. வரலாறு, உயிரியல், புவியியல் மூன்றுக்கும் இதைப்போல் ஒன்று கிடையாது.

கணக்குக்கு மட்டும் வெளி ஆள் வையுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தெருவில் டியூஷன் எடுக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் போதும், ஆனால் ஒரு நிபந்தனை: அவர் போர்டில் போட்டுக் காட்டக்கூடாது, பையன் போட்டுக் காட்ட வேண்டும், அவர் பார்க்க வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான அட்டவணையை அவன் கையெழுத்தில் போடச் சொல்லுங்கள். முதல் சில வாரம் எழுதியதில் பாதிதான் நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள், எது ஏன் நடக்கவில்லை என்று மட்டும் அடுத்த ஞாயிறு கேளுங்கள்.

பாடத்திட்டமே வேண்டாம், ஆர்வத்தின் வழியே விடுங்கள் என்கிறார்களே, பெரிய பிள்ளைக்கு அது சரிப்படுமா? (அடையாறு)

'அன்ஸ்கூலிங்' என்று அதற்குப் பெயர், அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1970-களில் பரப்பியது. ஆர்வம் உள்ள துறையில் நன்றாக வேலை செய்கிறது, பிள்ளைகள் பெரியவர்களே ஆச்சரியப்படும் ஆழத்துக்குப் போகிறார்கள். கணக்கிலும் எழுதுவதிலும் தினசரிப் பயிற்சி இல்லாமல் விட்டால் பதினாறு வயதில் தேர்வுக்கு உட்காரும்போது திணறுகிறார்கள், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் கணக்கும் எழுத்தும், மீதி நாள் அவர்களுடையது என்று வைத்துக்கொள்வது இரண்டுக்கும் நடுவான வழி.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாண்டிசோரி என்றதும் நமக்குக் குட்டிக் குழந்தைகளின் மரக்கட்டைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவர் சொன்னது நிஜமான வேலையை: மண்ணில் இறங்கி விளைவிப்பது, விளைந்ததை விற்பது, வரவு செலவு பார்ப்பது. மொட்டை மாடியில் கீரை போட்டுப் பக்கத்து வீடுகளுக்கு விற்றுக் கணக்கு எழுதும் பிள்ளை கற்றுக்கொள்வதை எந்தப் பயிற்சி நூலும் தராது.

ஆய்வகம் இல்லாமல் அறிவியல் எப்படி? (தாம்பரம்)

பத்தாவது வரை வீடே போதும். செம்பருத்திப் பூவைச் சுடுதண்ணீரில் போட்டுச் சாறு எடுங்கள். எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பு, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை. இதோடு விடாமல் தயிர், சோடா உப்பு, வினிகர், உங்கள் போர்த் தண்ணீர் என்று வரிசையாகச் சோதித்து அட்டவணை போடச் சொல்லுங்கள், அளந்து எழுதிவைப்பதுதான் அறிவியல்.

கொஞ்சம் பெரிய வேலை வேண்டுமென்றால் மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். ஒரு பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி தயார். கோபுரத்தின் அடிவரைக்கும் நேராக டேப் பிடிக்க வழி இருக்காது, அதனால் ஒரே கோட்டில் இரண்டு இடத்தில் நின்று இரண்டு கோணம் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கு அதுதான். பிள்ளை தன் கண்மட்டத்தின் உயரத்தைக் கூட்ட மறந்துவிடுவாள், விடை இடிக்கும், ஏன் என்று தானே கண்டுபிடிக்கட்டும். உண்மையான உயரம் சுமார் 150 அடி. அதைக் கடைசிவரை சொல்லாதீர்கள்.

கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் செய்முறைக்குப் படிப்பு மையத்தையோ வேறு ஆய்வகத்தையோ நாடித்தான் ஆக வேண்டும்.

புனேயிலிருந்து வந்திருக்கிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, தமிழ் பேசுகிறாள், எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தால் கோபித்துக்கொள்கிறாள். (போரூர்)

கோபம் நியாயம்தானே. அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் நீட்டாதீர்கள். கிரிக்கெட் பிடிக்குமா? தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கம் கொடுங்கள். ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்திருப்பாள், பெயர்கள் தெரியும், அதனால் கண் தடுக்கினாலும் பொருள் தடுக்காது. தினம் ஒரு செய்தி, சத்தமாக, பாட்டி வீட்டில் இருந்தால் பாட்டிக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அடிப்படையிலிருந்து பாடங்கள் இருக்கின்றன, எழுத்துப் பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஒத்துவராமல் போனால் மகளை மறுபடியும் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா? பயமாக இருக்கிறது. (திருவொற்றியூர்)

பதினாலு வயதுக்குள் என்றால் பயப்பட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். டிசி தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் பள்ளியை விட்டு வரும்போதே டிசி, கடைசி மதிப்பெண் பட்டியல் இரண்டையும் கையோடு வாங்கிவிடுங்கள், பின்னால் அலைவது பெரும் பாடு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தனியார் பள்ளியில் சேர்ப்பது கஷ்டம், ஆகவே திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் எட்டாம் வகுப்பு வயதிலேயே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டில் படித்த வருடங்களின் நோட்டு, செய்த வேலைகளின் படங்கள், படித்த புத்தகங்களின் பட்டியல் எல்லாம் தேதி போட்டு ஒரே ஃபைலில் இருக்கட்டும். தலைமையாசிரியர் முன்னால் உட்காரும்போது அதைப் பிரித்து விளக்குவது உங்கள் மகளாக இருக்கட்டும்.