நார்வே பியானோ கலைஞர் லெய்ஃப் ஊவெ ஆன்ட்ஸ்னெஸ் யார்? அவரை எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ட்ரோல்ட்ஹவ்கனில், நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் வீட்டிலேயே பதிவு செய்த 'லிரிக் பீசஸ்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். பலர் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவை (ஆர்க்கெஸ்ட்ராவோடு பியானோ வாசிக்கும் பெரிய படைப்பு) சொல்வார்கள். அது இரண்டாவதாக வரட்டும். கான்செர்ட்டோவில் இந்த மனிதரைவிட அந்தப் படைப்பின் புகழ்தான் முதலில் காதில் விழும்.

ஆன்ட்ஸ்னெஸ் 1970 ஏப்ரல் 7 அன்று நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள கார்மோய் தீவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் இசை ஆசிரியர்கள். 16 வயதில் பெர்கன் நகர இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவரை உருவாக்கியவர் யிர்ஷி ஹ்லிங்கா என்ற செக் நாட்டு ஆசிரியர். 1987இல் ஆஸ்லோவில் அரங்கேற்றம். 1989இல் நியூயார்க்கில் வாசித்தார். அதே ஆண்டு எடின்பரோ விழாவில் மாரிஸ் யான்சன்ஸ் நடத்திய ஆஸ்லோ பில்ஹார்மோனிக்குடன் வாசித்தார். பத்தொன்பது வயதில் இவ்வளவு.

பியானோ உலகில் வழக்கமான பாதை வேறு. வார்சாவின் ஷோபான் போட்டி, மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி போட்டி, இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டி என ஏதாவது ஒன்றில் ஜெயித்தால் மறுநாளே ஏஜென்ட், ரெக்கார்டிங் ஒப்பந்தம் எல்லாம் வரும். ஜெயித்தவருக்கு ஒரே ஆண்டில் இருபது ஊரில் ஒரே கான்செர்ட்டோவைக் கேட்பார்கள்; கையில் வேறு உருப்படி தயாராக இருக்காது; மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்த வெற்றியாளர் வந்துவிடுவார். ஆன்ட்ஸ்னெஸ் அப்படி வந்தவர் அல்ல. 1988இல் யூரோவிஷன் இளம் இசைக்கலைஞர் போட்டியில் நார்வேக்காக வாசித்தார்; அதில் முதலிடம் ஆஸ்திரியாவின் சார்பில் வந்த வயலின் கலைஞர் ஜூலியன் ராக்லினுக்கு. ஆன்ட்ஸ்னெஸுக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம் 1998இன் கில்மோர் விருது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தருகிறார்கள். இதற்கு விண்ணப்பமே கிடையாது. நடுவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கச்சேரிகளில் உட்கார்ந்து கேட்பார்கள்; தான் பரிசீலனையில் இருப்பது வாசிப்பவருக்கே தெரியாது. ஒரு நாள் நன்றாக வாசித்து இதை வாங்க முடியாது, பல நாள் வாசிப்பு சமமாக இருக்க வேண்டும். இவருக்கென்றே செய்த விருது மாதிரி இருக்கிறது.

இப்போது அந்த லிரிக் பீசஸ். கிரீக் 1867 முதல் 1901 வரை பத்துப் புத்தகங்களாக 66 சின்னப் பியானோ உருப்படிகள் எழுதினார். பெர்கன் அருகே ட்ரோல்ட்ஹவ்கனில் 1885இல் கட்டிய மரவீட்டின் கூடத்தில் அவருடைய ஸ்டெயின்வே இன்றும் இருக்கிறது. 1892இல் வெள்ளிவிழா மணநாளுக்கு வந்த பரிசு. அந்தப் பியானோவில்தான் ஆன்ட்ஸ்னெஸ் பதிவு செய்தார், 2002இல் வெளியானது. வீட்டுக் கூடம் என்பதால் பெரிய அரங்கின் எதிரொலி இல்லை. அரங்கில் ஒரு சுரம் அடித்துவிட்டு நிறுத்தினால் கட்டிடம் அதைக் கொஞ்சநேரம் தாங்கிப் பிடிக்கும், இங்கே பிடிக்காது. மெதுவான உருப்படியை இழுத்தால் சுரங்களுக்கு நடுவே ஓட்டை தெரியும். பெடலை அதிகம் மிதித்து அதை மூடப் பார்த்தால் கீழ்ச் சுரங்கள் கலங்கிப் போகும். 'ட்ரோல்ட்ஹவ்கனில் திருமண நாள்' (ஓபஸ் 65, எண் 6) கேளுங்கள். முதல் பக்கத்தில் இடது கையின் வெறும் ஐந்தாம் இடைவெளித் (நம் ச–ப) தாளம் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. வேகத்தைத் தள்ளவே இல்லை. அந்த இடத்தில் ஆரம்பத்திலேயே சத்தத்தைக் கூட்டிவிடுகிறவர்கள் பலர். அப்படிச் செய்தால் பிறகு ஏறுவதற்கு இடம் இருக்காது.

கான்செர்ட்டோவை இவர் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். 1990இல் டிமித்ரி கிதாயென்கோ நடத்திய பெர்கன் பில்ஹார்மோனிக்குடன். பிறகு யான்சன்ஸ் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக்குடன், இது ஷூமனின் கான்செர்ட்டோவுடன் சேர்ந்து 2003இல் வந்தது. கிரீக் இதை எழுதியது 1868இல், 24 வயதில். 1869இல் கோபன்ஹேகனில் முதலில் வாசித்தவர் எட்மண்ட் நாய்பெர்ட் என்ற இன்னொரு நார்வே பியானோ கலைஞர். கிரீக் சாகும்வரை, அதாவது 1907 வரை, வாத்திய அமைப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். முதல் பகுதியின் இரண்டாம் கருவை ஒரு காலத்தில் டிரம்பெட்டுக்குக் கொடுத்திருந்தார். இன்று செல்லோக்கள் வாசிக்கின்றன. நல்லவேளை.

இரண்டு பதிவுகளையும் ஒப்பிட எளிய இடம் தொடக்கமே. டிம்பனி என்ற பெரிய முரசு உருண்டு எழும், உடனே பியானோ மேலிருந்து படிப்படியாக விழும். பெடலை எடுக்காமல் வாசித்தால் அது ஒரே இடிமுழக்கமாகிவிடும். 1990இல் அது இளைஞனின் பாய்ச்சல். பெர்லின் பதிவில் ஒவ்வொரு படியும் தெரிகிறது, ஆனாலும் கனம் குறையவில்லை. மூன்றாம் பகுதியில் புல்லாங்குழல் ஒரு அமைதியான ராகத்தைத் தரும். கடைசியில் அதே ராகம் முழு ஆர்க்கெஸ்ட்ராவாகத் திரும்பி வரும்போது ஜி ஷார்ப் வரும் என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் அதைவிட அரைச் சுரம் தாழ்ந்த ஜி நேச்சுரல் வரும். 1870இல் ரோமில் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்த பியானோ மேதை லிஸ்ட், இந்த இடத்தில்தான் துள்ளி எழுந்து பாராட்டியதாகக் கிரீக்கே எழுதி வைத்திருக்கிறார். பெர்லின் பதிவில் பித்தளை வாத்தியங்கள் அந்த ஒரு சுரத்தைப் பிடிக்கும் விதத்துக்காகவே அதை வாங்கலாம். ஆனால் ஒன்றுதான் வேண்டும் என்றால் நான் 1990ஐ எடுப்பேன். இருபது வயதில் மட்டுமே வரக்கூடிய ஒரு அவசரம் அதில் இருக்கிறது.

அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி பேத்தோவன். சாவோ பாலோவில் தங்கியிருந்த ஹோட்டலின் லிப்ட்டில் பேத்தோவனின் முதல் இரண்டு கான்செர்ட்டோக்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன, அங்கிருந்துதான் எண்ணம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐந்து கான்செர்ட்டோக்களையும் எடுத்துக்கொண்டு மாலர் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு சில ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். 27 நாடுகள், 108 நகரங்கள், 230க்கும் மேற்பட்ட கச்சேரிகள். 2015இல் லண்டனின் கோடை இசை விழாவான பிபிசி ப்ராம்ஸில் ஐந்தையும் வாசித்தார்கள்.

இதில் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தத் தனி கண்டக்டர் இல்லை. பியானோவில் உட்கார்ந்தபடி அவரே நடத்தினார். கேட்க எளிது, செய்வது வேறு. பியானோவின் மூடியைக் கழற்றிவிட்டு, வால்பகுதியை ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் நீட்டி வைப்பார்கள். வாசிப்பவரின் முதுகு சபையைப் பார்க்கும். மூடி இல்லாததால் ஒலி சபைக்குத் திரும்பாமல் நேரே மேலே போகும். மேல்ஸ்தாயியின் கூர்மை முதலில் போய்விடும், வாசிப்பவர் விரலால் ஈடுகட்ட வேண்டும். இரண்டு கையும் வாசிப்பில் இருக்கும்போது தலையசைப்புதான் சைகை. அது பின்வரிசைக்குத் தெரியாது, ஆகவே முதல் வயலின் தலைவர் வில்லின் அசைவால் கடத்திவிடுவார். கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரின் முகத்திலிருந்து கண்ணெடுக்காததைப் போல எல்லோரும் விழிப்பாக இருக்க வேண்டும். மூன்றாம் கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் காடென்ஸா (பியானோ மட்டும் தனியே வாசிக்கும் இடம்) முடிந்ததும் பியானோ மெல்லிய அலையாக ஓடும், டிம்பனி மட்டும் அடித்தொண்டையில் தாளம் தட்டும். இருவரும் மேடையின் இரண்டு முனையில் இருப்பார்கள். டிம்பனிக்காரர் காதில் விழுந்த பிறகு அடித்தால் தாமதம்தான். மூச்சை ஊகித்து அடிக்க வேண்டும். ஒரு வாரம் ஒத்திகை பார்த்துச் சேரும் குழுவால் இது முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆட்களோடு சுற்றியதன் பயன் இந்தப் பத்து விநாடிகளில் தெரியும். பின்னர் அதே குழுவோடு மோட்சார்ட் 1785, 1786 ஆண்டுகளில் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு தொகுப்புகள் செய்தார். அதில் பியானோ கான்செர்ட்டோ எண் 20, டி மைனர், தவறவிடாதீர்கள்.

அந்தப் பயணத்தோடு செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஒரு திட்டமும் நடந்தது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே உட்கார்ந்து, வாத்தியத்தின் மரத்தைத் தொட்டு அதிர்வை உணர்வார்கள். விளம்பர வேலை என்று தள்ளிவிட மனம் வரவில்லை, ஊர் ஊராகத் தொடர்ந்து செய்தார்கள்.

நாட்டுக்குள்ளும் வேர் விட்டவர். தெற்குக் கரையின் சின்ன ஊரான ரீசோரில் சேம்பர் இசை (சிறு குழு இசை) விழாவை வயோலா கலைஞர் லார்ஸ் ஆன்டர்ஸ் டோம்டருடன் ஏறக்குறைய இருபது ஆண்டு நடத்தினார். 2016இல் ஹார்டாங்கர் ஃபியார்டு கரையிலுள்ள ரூசென்டாலில் சொந்த விழாவைத் தொடங்கினார். நார்வே பியானோ கலைஞர் என்றால் கிரீக்கை மட்டும்தான் வாசிப்பார் என்ற முத்திரையிலிருந்து தப்பவும் முயன்றிருக்கிறார்: சிபெலியஸின் பியானோ உருப்படிகள், ட்வோர்ஷாக்கின் அதிகம் பேர் தொடாத 'பொயெட்டிக் டோன் பிக்சர்ஸ்', நார்வே இசையமைப்பாளர் கெய்ர் ட்வைட்டின் 29ஆம் பியானோ சொனாட்டா. ட்வைட்டின் பண்ணைவீடு 1970இல் தீப்பிடித்துக் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. மிஞ்சியவற்றில் இந்தச் சொனாட்டா ஒன்று. சிபெலியஸ் தொகுப்பு எல்லோருக்கும் பிடிக்காது, அவசரமில்லை.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. 2010 வரையிலான பதிவுகள் முன்பு விர்ஜின், ஈஎம்ஐ பெயர்களில் வந்தவை; இப்போது வார்னர் கிளாசிக்ஸில் இருக்கின்றன. பேத்தோவனும் அதற்குப் பிந்தையவையும் சோனியில். ஸ்ட்ரீமிங்கில் இரண்டு கிரீக் கான்செர்ட்டோக்களும் மறுவெளியீட்டு அட்டைகளோடு குழப்பமாகக் கிடக்கும், வெளியீட்டு ஆண்டும் மாறியிருக்கும். அட்டையை நம்பாமல் கண்டக்டர் பெயரைப் பாருங்கள்: கிதாயென்கோ என்றால் 1990, யான்சன்ஸ் என்றால் பெர்லின்.