இன்ஜின் உடைந்தால் ஆயிலும் இரும்பும் எங்கே போகும்? டிராக் (drag) ரேஸ் கார் கேள்வி பதில்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டிராக் ரேஸுக்கு, அதாவது நேர் ரோட்டில் யார் முந்துவது என்ற பந்தயத்துக்கு, வண்டி கட்டுகிறவர்கள் கேட்டவை இவை. பொள்ளாச்சிப் பட்டறையில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அண்ணா, இன்ஜினுக்கு அடியில் கட்டுகிற பையை இன்ஜின் டயப்பர் என்கிறார்களே, அதற்குப் பதில் தார்ப்பாய் கட்டினால் போதாதா?

போதாது தம்பி. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு அறுந்தால் இன்ஜின் பிளாக்கையோ அடியில் இருக்கிற ஆயில் சம்ப்பையோ (ஆயில் தொட்டி) குத்திக்கொண்டு வெளியே வரும், கூடவே சுடச்சுட நாலு லிட்டர் ஆயில். அது கொட்டுவது உங்கள் பின் டயர் ஏறப்போகிற இடத்தில்தான். எக்ஸாஸ்ட்டில் பட்டால் தீ. டயப்பரில் வெளியே கெவ்லர் மாதிரி கெட்டித் துணி, உள்ளே ஆயிலை உறிஞ்சும் பேட். சம்ப்பைத் தொட்டில் போல ஏந்தி, பட்டை போட்டு இன்ஜினோடு இழுத்துக் கட்டுவார்கள். பந்தய வண்டிச் சாமான்களுக்குத் தரம் வகுக்கிற அமெரிக்க அமைப்பான எஸ்எஃப்ஐ-யின் தரத்தில் இதன் எண் 7.1, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஆயில் குடித்த பேடை மாற்றிவிடுங்கள். அப்புறம் கழற்றி வெயிலில் போடாதீர்கள், கெவ்லர் வெயிலில் பலம் இழக்கும், நம் பாலக்காட்டு வெயிலைச் சொல்லவே வேண்டாம். தார்ப்பாய் ராடையும் தடுக்காது, சூட்டில் அதுவே பற்றிக்கொள்ளும்.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்): ஜீப்பில் பெட்ரோல் இன்ஜின், 7000 ஆர்பிஎம் வரை இழுக்கிறேன். வண்டியோடு வந்த ஃப்ளைவீலையே (இன்ஜினோடு சுற்றுகிற கனமான சக்கரம்) லேத்தில் கொடுத்து எடை குறைத்தேன். ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள், தயவுசெய்து. ஒரு கணக்குப் போடுங்கள்: 30 செ.மீ. அகல ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 400 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. வார்ப்பிரும்பை லேத்தில் சீவினால் எங்கே விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பட்டறையில் நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணின ஒரு ஜீப்பின் கிளட்ச் வெடித்து, ஒரு துண்டு அதை மூடியிருந்த அலுமினிய ஹவுசிங்கை உடைத்துக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தைக் கிழித்தது. டிரைவர் சீட்டில் இருந்த பையனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி. இன்னும் எனக்கு அது கண்ணிலேயே நிற்கிறது.

1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் டிராக்கில் அமெரிக்க டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்ஸுக்குக் கியர்பாக்ஸ் வெடித்து வலது பாதத்தில் ஒரு பகுதியே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்து டிராக்ஸ்டர் (டிராக் ரேஸுக்கென்றே கட்டுகிற நீள வண்டி) கட்டினார். நம் ஜீப்பில் அப்படி மாற்ற முடியாது. அதனால் எஸ்எஃப்ஐ 1.1 உள்ள ஸ்டீல் ஃப்ளைவீல், கிளட்ச்சை மூடுகிற, 6.1 உள்ள ஸ்டீல் பெல் ஹவுசிங், இரண்டும் வேண்டும். ஹவுசிங்கில் புதுசாக ஓட்டை போடக்கூடாது, ஒரு போல்ட்டைக்கூட விடக்கூடாது. காசு பத்தாவிட்டால் டர்போவைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாளையாறிலிருந்து: டிரைவ் ஷாஃப்ட்டுக்கு வளையம் எதற்கு?

கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். அதன் முன் ஜாயின்ட் அறுந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். கால் இன்ச் தடிமன், இரண்டு இன்ச் அகல ஸ்டீல் பட்டையை ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாக, முன் ஜாயின்ட்டிலிருந்து ஆறு இன்ச்சுக்குள் போடுங்கள். ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு இது தேவையில்லை.

கொல்லங்கோட்டிலிருந்து: டர்போ டீசல், சாவியை ஆஃப் செய்தும் நிற்காமல் அலறியது. ஏன்?

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போவின் ஆயில் சீல் போயிருக்கும். இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது, டீசலை நிறுத்தி என்ன பயன்? காற்றை அடைத்தால்தான் நிற்கும். இன்டேக்கில் (காற்று உள்ளே போகிற குழாய்) ஒரு ஷட்-ஆஃப் ஃபிளாப், அதாவது அடைக்கிற மூடி, வைத்து, கேபிளை டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி இழுத்துவிடுங்கள். அதுவரை கையால் மூடப் போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டு அணைக்கப் பாருங்கள். செட்டிபாளையம் டிராக்குக்குக் கொண்டுபோகும் முன்னால் அந்த ஃபிளாப்பைப் பட்டறையில் நாலு முறையாவது இழுத்துப் பார்த்துவிடுங்கள்.