ஆக்சஸ் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

எல்.சி.சி.ஐ. (லண்டன் வணிகச் சபை) கணக்கியல் படிக்கும் மகனை, தகவல்தளம் அமைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஆக்சஸ் வகுப்பிலும் சேர்க்கலாமா, பணம் வீணாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் ஆக்சஸ் தெரியும் என்ற ஒன்றை மட்டும் வைத்து ரங்கூனில் வேலை தேடுவது கடினம். தகவலை அட்டவணைகளாகப் பிரிக்கும் முறையும், தகவல்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழியும் அதன் வழியாகக் கைக்கு வரும். தம்பிக்குக் கடைசிவரை கூட வரப்போவது அவைதான். கணக்கும் தெரிந்து, தகவல்தளமும் அமைக்கத் தெரிந்த பிள்ளை கிடங்கிலும் மொத்த வியாபாரக் கடையிலும் உடனே பயன்படுவான். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அடிப்படை இரண்டு மூன்று மாதத்தில் வந்துவிடும்.

பயிற்சிக்குப் பக்கத்துப் பருப்புக் கடையின் கடன் நோட்டையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வாரம் கணினியைத் தொட வேண்டாம். தாளில் ஐந்து கட்டங்கள் போடட்டும்: வாடிக்கையாளர், சரக்கு, பில், பில்லின் வரிகள், வரவு. ஒரு பில்லில் உளுந்தும் துவரையும் கடலையும் இருக்கலாம் என்பதால் பில்லும் அதன் வரிகளும் தனித்தனியாக இருக்க வேண்டும். விற்ற அன்றைய விலையை வரியிலேயே பதிய வேண்டும். சரக்கு அட்டவணையின் விலையைப் பார்த்தே கணக்குப் போட்டால், விலை ஏறிய நாளில் பழைய பில்களின் தொகையும் சேர்ந்து மாறிவிடும்.

பாடநூல் மாதிரிகளில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பர்மியப் பெயர்களுக்கு அது ஒத்துவராது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பெயருக்கு முன்னால் மரியாதைக்காக இன்று 'கோ' என்று எழுதியவரைச் சில வருடம் கழித்து, வயது கூடியதும், 'ஊ' என்று எழுதுவார்கள். ஆகவே மரியாதைச் சொல் தனிக் கட்டம், முழுப் பெயர் ஒரே கட்டம், ஆளை அடையாளம் காண, ஆக்சஸ் தானாகவே தரும் எண்ணான ஆட்டோநம்பர். தொலைபேசி எண் 09-இல் தொடங்குவதால் எழுத்து வகையில்தான் வைக்க வேண்டும். எண் வகையில் வைத்தால் முன்னால் இருக்கும் சுழி போய்விடும். பணத்துக்குக் கரன்சி வகை. எடையை டபுள் என்ற தசம எண் வகையில் வைத்தால் சிறு பின்னப் பிழைகள் கூடிக்கொண்டே போகும். பர்மிய எடை அளவில் ஒரு வீசைக்கு நூறு கியாத்தா என்பதால் எல்லாவற்றையும் கியாத்தாவில் முழு எண்ணாகப் பதிவதே சுத்தம்.

பர்மிய எழுத்திலும் கவனம் வேண்டும். 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறியது. ஆனால் பழைய கோப்புகளில், அதற்கு முன் புழங்கிய ஸோஜி எழுத்து இன்னும் இருக்கிறது. கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரிந்தாலும் உள்ளே குறியீடு வேறு என்பதால் தேடினால் அகப்படாது. பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே உள்ளே ஏற்ற வேண்டும்.

அட்டவணைகளை இணைக்கும்போது 'ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி' பெட்டியில் டிக் போட வேண்டும். இல்லாத வாடிக்கையாளர் பேரில் பில் விழுவதை அது தடுக்கும். அதற்குக் கீழே இருக்கும் 'கேஸ்கேட் டெலீட்' பெட்டியை மட்டும், வாடிக்கையாளர் இணைப்பில் தொடவே கூடாது. ஒரு பெயரை அழித்தால் அவர் பேரில் உள்ள பில்கள் அத்தனையும் சேர்ந்து அழிந்துவிடும்.

அடுத்து, பாக்கிப் பட்டியல். புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. ஒருவருக்கு ஒரு லட்சம், ஐம்பதாயிரம், முப்பதாயிரம் கியாட்டில் (பர்மியப் பணம்) மூன்று பில்; அவர் கட்டியது அறுபதாயிரம், நாற்பதாயிரம் என்று இரண்டு தவணை. பாக்கி 80,000. வாடிக்கையாளர், பில், வரவு மூன்றையும் ஒரே வினவலில் (தகவல்தளத்திடம் கேட்கும் கேள்வி, க்வெரி) இணைத்துக் கூட்டினால் மூன்று பில்லும் இரண்டு வரவும் பெருகி ஆறு வரிசையாகும். பில் தொகை இரட்டித்து 3,60,000, வரவு மூன்று மடங்காகி 3,00,000, பாக்கி 60,000 என்று வரும். கணினி எந்தப் பிழையும் காட்டாது, தொகையும் நம்பும்படி இருக்கும். கடைக்கு 20,000 நஷ்டம். பில்களைத் தனி வினவலில் கூட்டி, வரவுகளைத் தனி வினவலில் கூட்டி, பிறகு இரண்டையும் வாடிக்கையாளர் அட்டவணையோடு லெஃப்ட் ஜாய்ன் முறையில் (பில்லோ வரவோ இல்லாத வாடிக்கையாளரையும் விடாமல் காட்டும் இணைப்பு) சேர்க்க வேண்டும். சாதாரண இணைப்பு போட்டால் ஒரு காசும் கட்டாதவர் பட்டியலிலிருந்தே மறைந்துபோவார். லெஃப்ட் ஜாய்ன் போட்டாலும் அவருடைய வரவு வெற்றாக இருப்பதால் பாக்கியும் வெற்றாகவே வரும், என்.இஸட். என்ற ஃபங்ஷனைப் போட்டு அந்த வெற்றிடத்தைச் சுழியாக்க வேண்டும். இந்தப் பட்டியலைக் கையால் கூட்டிய கணக்கோடு ஒப்பிட்டுச் சரி செய்யத் தெரிந்துவிட்டால் தம்பி பாதிக் கிணறு தாண்டிவிட்டான்.

இனி இதன் எல்லைகள். ஆக்சஸ் தகவல்தளம் என்பது ஒரே ஒரு கோப்பு. அதன் உச்ச அளவு 2 ஜிபி. சரக்குப் படங்களை உள்ளே ஏற்றினால் சீக்கிரமே வீங்கும். படத்தைத் தனி ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் பதியலாம். பதிவுகளை அழித்தாலும் கோப்பு தானாகச் சுருங்காது. நகல் எடுத்துவிட்டு, கோப்பைச் சுருக்கிச் சீர்செய்யும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளையை ஓட்ட வேண்டும். ஒரே நேரத்தில் 255 பேர் திறக்கலாம் என்பது ஏட்டளவில்தான். ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதத் தொடங்கினாலே திணறல் தெரியும். சர்வர் தகவல்தளத்தில் வேலை சர்வரில் நடந்து விடை மட்டும் வரும். ஆக்சஸில் ஒவ்வொரு கணினியும் நெட்வொர்க் வழியாகக் கோப்புக்குள் நேரடியாகக் கைவைக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ வைஃபை அறுந்தாலோ கோப்பு கெட்டுப்போகலாம். மின்வெட்டு ஓயாத நம் ஊரில் யூ.பி.எஸ்., கேபிள் இணைப்பு, தினசரி நகல் மூன்றும் கட்டாயம். பலர் பயன்படுத்துவதென்றால் அட்டவணைகளைப் பொதுக் கணினியில் ஒரு கோப்பாகவும், படிவங்களை அவரவர் கணினியில் வேறு கோப்பாகவும் பிரித்து வைக்க வேண்டும். ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரில் வைத்து இருவர் திறப்பது ஆபத்து. தவிர, ஆக்சஸ் கைப்பேசியிலும் மேக் கணினியிலும் ஓடாது. கோப்பை நகலெடுக்க முடிந்தவர் தகவல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால் சம்பளம், அடையாள அட்டை எண் போன்றவற்றை வைக்கத் தகுந்த இடமும் அல்ல.

இந்த எல்லையைத் தொட்ட கடை, அட்டவணைகளை போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்.கியூ.எல். சர்வருக்கு மாற்றி, ஆக்சஸ் படிவங்களை ஓ.டி.பி.சி. என்ற இணைப்பு முறை வழியாக அதனோடு இணைத்துக்கொள்ளலாம். அதனால்தான் வினவல்களை இழுத்துப்போட்டு அமைப்பதோடு நிறுத்தாமல், வினவலின் எஸ்.கியூ.எல். வடிவைக் காட்டும் எஸ்.கியூ.எல். வியூவைத் திறந்து கையாலும் எழுதிப் பழக வேண்டும் என்கிறேன்.

கட்டணம் கட்டும் முன் வகுப்பு நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அட்டவணை வடிவமைப்புக்கு எத்தனை வகுப்பு? எஸ்.கியூ.எல். எழுதச் சொல்லித் தருவீர்களா? படிவத்தைத் தானாக அமைத்துத் தரும் விசார்டில் தொடங்கி அச்சு அறிக்கையில் முடித்துவிடுகிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். வீட்டுக் கணினியில் ஆக்சஸ் இல்லையென்றால் திருட்டுப் பிரதி தேட வேண்டாம். லிப்ரே ஆபிஸ் பேஸ் இலவசம்; அட்டவணை, இணைப்பு, வினவல் மூன்றையும் பழக அது போதும். அதிலும் அடிக்கடி சேவ் செய்வதையும் நகல் வைப்பதையும் முதல் நாளிலிருந்தே பழக்கப்படுத்திக்கொள்ளட்டும்.