பத்து மூட்டை கொப்பரைதான் இருக்கிறது. இ-நாமில் (அரசின் இணையவழி வேளாண் சந்தையில்) போட்டால் வியாபாரி சொல்வதைவிட நல்ல விலை கிடைக்குமா?

கிடைக்கும், சரக்கின் தரம் பதிவாகி இருந்தால். குவியலைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாத வெளியூர்க்காரர் தர விவரத்தை நம்பித்தான் விலை போடுவார். அது இல்லாத இடத்தில் உள்ளூர் வியாபாரிகள் நாலு பேர் மட்டுமே ஏலம் கேட்பார்கள், விலையும் பழைய விலையாகவே இருக்கும்.

பதிவுக்கு ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கைபேசி எண் போதும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலேயே பதிந்து தருவார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே சரக்கையும் பதியுங்கள். அப்பா பெயரில் சரக்கு, மகன் பெயரில் கணக்கு என்றால் பணம் வருவதில் சிக்கல்.

விற்பனைக்கூட வாசலில் லாட் எண் (உங்கள் சரக்குக் குவியலுக்கான எண்) தந்ததும் மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமான நாளில் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், விடாதீர்கள். எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரைக்கு, அரசின் குறைந்தபட்ச ஆதார விலைக் கொள்முதலில் கேட்கும் ஈரம் 6 சதவீதத்துக்குள். "ஈரத்தோடு போட்டால் எடை நிற்குமே" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 சதவீத ஈரத்தில் 500 கிலோ இருக்கும் சரக்கு, 10 சதவீதத்தில் சுமார் 522 கிலோ. கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விலை ஆறரை ரூபாய் இறங்கியதுமே அந்த 22 கிலோ லாபம் காலி. ஈரச் சரக்குக்கு அதைவிட அதிகமாகவே குறைத்துக் கேட்பார்கள், பூஞ்சை பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் உலர்களத்திலேயே பிரித்துவிடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பட்டது தனி லாட். நல்லதோடு கலந்தால் பத்து மூட்டைக்கும் கடைசி மூட்டையின் விலைதான். வெளுப்பாகத் தெரிய கந்தகப் புகை போடாதீர்கள், சமையல் எண்ணெய்க்கு வாங்குபவர் அதை ஒதுக்கிவிடுவார்.

இ-நாம் செயலியில் அன்றைய அதிகபட்ச விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஒரே ஒரு லாட்டுக்குப் போனதாகக்கூட இருக்கலாம். பெரும்பாலான சரக்கு எந்த விலைக்குப் போனது என்று தனியாக ஒரு விலை காட்டும், அதோடு வியாபாரி சொன்னதை ஒப்பிடுங்கள். வண்டி வாடகை, இறக்குக்கூலியைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் சந்தைக் கட்டணம் வாங்குபவர் தலையில்தான், உங்களிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது.

பத்து மூட்டைக்காகத் தூரத்து ஆலைக்காரர் லாரி அனுப்பமாட்டார். சிறு விவசாயிக்கு இருக்கும் உண்மையான இடைஞ்சல் இதுதான். பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் ஒரே தரத்தில் பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து ஒரு லாட்டாக்குங்கள். 2020 முதல் இந்த நிறுவனங்கள் தங்கள் சேகரிப்பு மையத்திலிருந்தே இ-நாமில் விற்கலாம். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவர் மூட்டையிலும் ஈரம் பார்த்து எழுதி வையுங்கள். பணம் பிரிக்கும்போது வரும் சண்டையெல்லாம் இதை எழுதி வைக்காததில் தொடங்குவதுதான்.

ஏலத்தில் வந்த விலை பிடிக்கவில்லை என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சரக்கைத் திருப்பி ஏற்றாமல் விற்பனைக்கூடக் கிடங்கிலேயே வைத்து, பொருளீட்டுக் கடன் (சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கடன்) கேளுங்கள். நன்றாகக் காய்ந்த சரக்காக இருந்தால் மட்டும்.