எல்க் மானைப் படம் பிடிக்க 300 லென்ஸ் போதுமா?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவின் டென்வரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்திலுள்ள ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் காட்டு எல்க் மான்களைப் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும். 600 மி.மீ. லென்ஸ் வாங்கவேண்டுமா? ஊரிலேயே எப்படிப் பழகுவது?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: 600 வேண்டாம். உங்கள் கேமராவில் 300 வைத்தால் 60 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 4.7 மீட்டர். ஆண் எல்க்கின் உடல் நீளம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். பாதிப் படத்தை அதுவே நிரப்பிவிடும். அந்தப் பூங்காவில் எல்க்கிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்பது விதி. அவ்வளவு கிட்டே நின்றால் உங்கள் 300-க்குள் முழு மான் அடங்காது.

உண்மையான சிக்கல் வெளிச்சம். நீங்கள் போகும் நேரம் இணைசேரும் பருவம். ஆண்மான்கள் விடியலிலும் அந்தியிலும்தான் புல்வெளிக்கு வந்து கூவும். பூங்காவிலுள்ள மொரெய்ன் பார்க் புல்வெளிக்கு மேற்கே மலை இருப்பதால் மாலை வெயில் சீக்கிரம் போய்விடும். விடியற்காலையே நல்லது.

இதற்கு இங்கே ஆட்டுமந்தையை வைத்துப் பழகுங்கள். பொழுது சாயும்போது பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் அதே மங்கல் வெளிச்சத்தில், நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டர் 1/500 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், கண்மீது. ஆடு முட்டிக்கொண்டால் 1/1000-க்கு மாற்றுங்கள்; கண்ணை எடுக்காமல் விரலாலேயே மாற்ற வரும்வரை பழகவேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் அஞ்செட்டி சாலையில் புள்ளிமான் தென்பட்டாலும் வண்டியை விட்டு இறங்காதீர்கள். அது யானை நடமாடும் காடு. காவிரி வடக்கு சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

கார் ஜன்னலில் லென்ஸைத் தாங்க, கெட்டித் துணிப்பையில் ஒன்றரைக் கிலோ கேழ்வரகு போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பை நிரம்பினால் போதும். முட்ட நிரப்பினால் லென்ஸ் அமராமல் உருளும். விமானம் ஏறுமுன் தானியத்தைக் கொட்டிவிட்டு வெறும் பையை எடுத்துப்போய், அங்கே அரிசி வாங்கி நிரப்புங்கள்.

பூங்காவில் முதல் அரைமணி நேரம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். எந்த ஆண்மான் பெண்மான்களை வளைத்து வைத்திருக்கிறது, எந்தப் பக்கம் விரட்டுகிறது என்று பிடிபட்டுவிடும். கூவுமுன் கழுத்தை முன்னே நீட்டி, மூக்கை மேலே தூக்கி, வாயைத் திறக்கும். கழுத்து நீண்டதுமே அழுத்தத் தொடங்குங்கள். ஒலி கேட்டபின் அழுத்தினால் தாமதம். கழுத்து கருப்பு, உடம்பு வெளிர்நிறம். பின்னால் இருண்ட மரங்கள் இருந்தால் உடம்பு வெளுத்துப்போகும், எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறையுங்கள்.

மான் தலையை நிமிர்த்தி உங்களையே பார்த்தால், காதைப் பின்னே மடித்தால் உடனே பின்வாங்குங்கள். முன்னூறு கிலோ உடம்பு, இந்தப் பருவத்தில் மனிதரையும் காரையும் முட்டும். ஒலியெழுப்பியோ விளக்கடித்தோ மானை வரவழைப்பது அங்கே குற்றம். செப்டம்பர், அக்டோபரில் மாலை 5 மணி முதல் மறுநாள் காலைவரை புல்வெளிக்குள் இறங்கவும் தடை, சாலையோரத்திலிருந்தே எடுக்கவேண்டும்.

விடியற்காலைக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். குளிர்ந்த கேமராவோடு சூடேற்றிய காருக்குள் ஏறினால் லென்ஸில் பனி படியும். ஏறுமுன் கேமராப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, அரைமணி நேரம் கழித்துத் திறவுங்கள்.